கசற்றுக்குள் இருந்த ஓட்டம்: கமெராவிலிருந்து கணினிக்குப் படம் வந்த வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வீட்டு அலுமாரியிலோ றங்குப் பெட்டியிலோ பழைய வீடியோக் கசற் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்றைக்கே வாசித்துவிடுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

போன தவணை முடிவதற்கு முந்திய கிழமை ஓர் அம்மா பாடசாலைக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், செஞ்சிலுவைச் சங்கத்துக் கடிதம் ஒன்று. அவற்றின் நடுவே தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கசற்.

"சேர், இதைக் கொம்பியூட்டரில போட்டுத் தரேலுமோ? தம்பி ஓடினது இதில இருக்கு. லண்டனில இருந்து வந்த அண்ணை எடுத்தவர்."

தம்பி என்று அவர் சொன்னது தன் மகனை. 2009 இற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. 2008 இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து மெனிக் பாம் முகாம் வரைக்கும், பிறகு திரும்பி வந்து கொட்டில் போட்டு, வீடு கட்டும் வரைக்கும் அந்தக் கசற் அவரோடுதான் இருந்திருக்கிறது. ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. போட்டுப் பார்க்கக் கமெரா இல்லை.

நாங்கள் வாங்கி வைத்தோம். வவுனியாவில் முன்னர் ஸ்ரூடியோ நடத்திய ஒரு நானாவிடம் அந்தக் கசற்றுக்குரிய கமெராவை இரவல் எடுத்தோம். கமெராவின் பக்கத்துத் திரை பழுதாகிக் கறுத்துப் போயிருந்தது. கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள் வெறும் நீலம்தான் தெரிந்தது. சரி, கணினியில் பார்ப்போம் என்று கமெராவோடு கிடந்த யூஎஸ்பி வயரைக் குத்தினோம். கணினி கமெராவைக் கண்டுகொண்டது. உள்ளே யாரோ ஒருவருடைய கல்யாணப் போட்டோக்கள் ஏழெட்டு. வேறொன்றும் இல்லை. வயரை மாற்றினோம், கணினியை மாற்றினோம். அதே ஏழெட்டுப் போட்டோக்கள்.

அடுத்த நாள் அம்மா வந்தபோது நாங்கள் சொன்னோம்: "அம்மா, இதில ஒண்டும் இல்லை. அழிஞ்சு போச்சுது போல."

அவர் ஒன்றும் பேசவில்லை. கசற்றை வாங்கி அதே பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் சொன்னது பிழை. கசற்றில் எல்லாம் இருந்தது. பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிற எங்களுக்கே எந்த வயரைக் குத்துவது என்று தெரியவில்லை. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த வெட்கம்தான். அதன் பிறகுதான் இந்த வயரின் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

டெக் இருந்த காலம்

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979 ஏப்ரலில், ஐ.ரி.என். மூலம். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதால் வெளிநாட்டுப் பொருட்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்தன. மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது ரீவியும் டெக்கும் கொண்டு வந்தார்கள். டெக் என்று நாங்கள் சொல்வது வீஎச்எஸ் கசற் போடுகிற பெட்டியை. ஜப்பானின் ஜேவீசி நிறுவனம் 1976 இல் அதை அறிமுகப்படுத்தியது. அதற்கு ஒரு வருடம் முன்னரே சோனியின் பீற்றாமக்ஸ் வந்திருந்தது. இரண்டும் பல வருடம் போட்டி போட்டன. வீடுகளில் கடைசியில் நிலைத்தது வீஎச்எஸ்.

முதலில் வந்த வீடியோக் கமெராக்களைத் தனியாகத் தூக்க முடியாது. கமெரா ஒரு தோளில், பதிவு செய்கிற பெட்டி மற்றத் தோளில், இரண்டுக்கும் நடுவே வயர். 1983 இல் சோனி இரண்டையும் ஒரே உடம்பில் சேர்த்து பீற்றாமூவி என்ற கமெராவை விற்றது. எடுக்கத்தான் முடியும், எடுத்ததை அதில் போட்டுப் பார்க்க முடியாது. அடுத்த ஆண்டு ஜேவீசி சிறிய வீஎச்எஸ்-சி கசற் போடுகிற கமெராவைக் கொண்டு வந்தது. 1985 இல் 8 மில்லிமீற்றர் நாடாவோடு வீடியோ 8 வந்தது, 1989 இல் அதன் மேம்பட்ட வடிவமாக ஹை 8.

அந்தக் காலத்தில் படத்தைத் தொகுப்பதற்குக் கணினி இல்லை, இரண்டு டெக்தான் இருந்தது. ஒன்றில் மூலக் கசற் ஓடும், மற்றதில் வெறும் கசற் இருக்கும். வேண்டிய இடம் வரும்போது பதிவுப் பொத்தானை அமத்த வேண்டும், வேண்டாத இடம் வரும்போது நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் பிந்திக் கவனித்தால் மாப்பிள்ளை தாலி கட்டிய இடம் போய்விடும். ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் படம் கொஞ்சம் மங்கும். பிரதியின் பிரதியில் முகம் தெரியாது, சட்டையின் நிறம் மட்டும் தெரியும். நாடாவில் இருந்தது காந்தமாகப் பதிவான தொடர்ச்சியான அலை. அலையை இன்னொரு நாடாவுக்கு மாற்றும்போது இரைச்சலும் சேர்ந்து போகும். அனலொக் என்பதன் பொருள் அதுதான்.

வன்னிக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை இருந்தது. 1990 இற்குப் பிறகு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் ரோச் பற்றரியும் தடைப்பட்ட பொருள்களில் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது இங்கே பலருக்கு நினைவிருக்கும். படம் பார்ப்பதென்றால் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடியும்வரை மூன்று படம் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் முடிந்தால் படமும் முடிந்தது. அப்படியான காலத்தில் ஒரு கல்யாணத்தை வீடியோ எடுத்தார்கள் என்றால், அந்தக் கசற்றுக்குப் பின்னால் எவ்வளவு கஷ்டம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. எங்கள் வீட்டில் 1990 இற்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவிலிருந்து எங்கள் குடும்பம் புத்தளத்துக்குப் போனது. உம்மாவின் நிக்காஹ் வீடியோக் கசற் அலுமாரியின் மேல்தட்டில் இருந்ததாம். பிள்ளையைத் தூக்கினார்கள், உடுப்பை எடுத்தார்கள், கசற்றை எடுக்கவில்லை. "அப்பவே திரும்பி வருவம் எண்டு நினைச்சம்" என்று உம்மா இன்றைக்கும் சொல்வார். வாப்பும்மாவின் குரலை அந்தக் கசற்றில் மட்டும்தான் கேட்டிருக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த அம்மாவிடம் "ஒண்டும் இல்லை" என்று சொன்ன பிறகு எங்களுக்கு நித்திரை வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு மெல்லிய வயர்

1995 இல் நிலைமை மாறியது. பல மின்னணு நிறுவனங்கள் சேர்ந்து டீவி என்ற டிஜிற்றல் வீடியோ முறையைக் கொண்டு வந்தன. அதன் சிறிய கசற்தான் மினிடீவி. அம்மா கொண்டு வந்தது அந்த வகை. அதன் நாடா கால் அங்குல அகலம், வீஎச்எஸ் நாடாவில் பாதி. ஆனால் அதில் பதிவாவது வெறும் அலை அல்ல, எண்கள். பூச்சியமும் ஒன்றும். எண்ணைப் பிரதி எடுத்தால் அது மங்காது. நூறாவது பிரதியும் முதலாவதைப் போலவே இருக்கும்.

அப்படியானால் அந்த எண்களைக் கமெராவிலிருந்து கணினிக்குக் கொண்டு போக ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையை அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் 1980களின் பிற்பகுதியிலிருந்தே உருவாக்கி வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஃபயர்வயர். 1995 இல் அது ஐட்ரிபிள்ஈ 1394 என்ற எண்ணில் பொதுத் தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு வந்த சோனியின் வீஎக்ஸ் 1000 கமெராவில் அந்தத் துளை இருந்தது. சோனி தன் பங்குக்கு அதற்கு ஐலிங்க் என்று பெயர் வைத்தது. வேறு கமெராக்களில் டீவி என்று மட்டும் எழுதியிருக்கும். பெயர் மூன்று, வயர் ஒன்று.

ஏன் யூஎஸ்பி போதவில்லை? கணக்காகப் பாருங்கள். கணிதம் பிடிக்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். டீவி படத்துக்கு மட்டும் ஒரு செக்கனுக்கு 25 மெகாபிற் தேவை. ஒலியையும் மற்றக் குறிப்புகளையும் சேர்த்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைற். அந்தக் காலத்து யூஎஸ்பியின் உச்ச வேகம் செக்கனுக்கு 12 மெகாபிற்தான். படத்தின் பாதியைக்கூட அது கொண்டு போகாது. ஃபயர்வயர் செக்கனுக்கு 400 மெகாபிற் வரை போகும். வேகம் மட்டுமல்ல, ஓடுகிற படத்துக்கென்று நேரத்தை ஒதுக்கி வைக்கவும் அதற்குத் தெரியும். வேறு வேலை வந்தாலும் படத்துக்குரிய பாதை அடைபடாது. கணினியிலிருந்தே கமெராவை ஓட்டவும் நிறுத்தவும் பின்னே சுற்றவும் அந்த ஒரே வயர் போதும்.

3.6 மெகாபைற்றை 3600 செக்கனால் பெருக்கினால் ஒரு மணித்தியாலக் கசற்றுக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைற் வரும். ஒரு மணித்தியாலக் கசற்றைக் கணினிக்கு ஏற்ற ஒரு மணித்தியாலம் வேண்டும். பென் டிரைவில் கோப்பைக் கொப்பி பண்ணுவதுபோல் இழுத்துப் போட முடியாது. கசற் ஓட வேண்டும், நாங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

1999 இல் அப்பிள் ஐமக் டீவி கணினியையும் ஐமூவி மென்பொருளையும் வெளியிட்டது. 2000 இல் மைக்ரோசொஃப்ற் விண்டோஸ் மூவி மேக்கரைக் கொண்டு வந்தது. 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியோடு அது வீட்டுக் கணினிகளுக்கு வந்து சேர்ந்தது. முன்னர் தொலைக்காட்சி நிலையத்தில் மட்டும் செய்த வேலையை ஸ்ரூடியோக்காரர் தன் கடைக்குள் செய்யத் தொடங்கினார். வேண்டாத இடத்தை வெட்டலாம், திருப்பி ஒட்டலாம், படம் மங்காது. 2001 இல் தொலைக்காட்சித் துறையின் எமி விருதைக்கூட அந்த வயருக்காக அப்பிளுக்குக் கொடுத்தார்கள்.

பாதை திறந்த நேரம்

எங்கள் ஊருக்கு அந்தக் கமெராக்கள் எப்படி வந்தன? 2002 பெப்ரவரியில் போர் நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. ஓமந்தையைத் தாண்டி வெளிநாட்டில் இருந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து வருடம் காணாத ஊர், காணாத தாய், காணாத கோயில். அவர்களில் பலருடைய கையில் ஒரு ஹன்டிகாம் இருந்தது.

1997 ஜெயசிக்குறு நடவடிக்கையில் ஊர் ஒருமுறை இடம்பெயர்ந்து, பிறகு திரும்பியிருந்த நேரம் அது. இன்னொரு இடப்பெயர்வு வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி முல்லைத்தீவுக் கரையை அள்ளிக்கொண்டு போகும் என்றும் தெரியாது. 2006 ஓகஸ்ற்றில் ஏ9 திரும்ப மூடப்பட்டது. ஆகவே 2002 முதல் 2006 வரையான அந்த நாலு வருடத்தில் எடுத்த கசற்றுகளில்தான் போருக்கு முந்திய வன்னி அசைகிற படமாக இருக்கிறது. பழைய பாடசாலைக் கட்டடம், வெட்டுப்படாத பாலை மரம், முல்லைத்தீவுக் கடற்கரை வீடுகள், இப்போது இல்லாத மனிதர்கள். அந்தக் காலத்து வரலாற்றுக்கு வேறு என்ன ஆதாரம் எங்களிடம் இருக்கிறது? பாடசாலைப் பதிவேடுகள்கூட முழுமையாக மிஞ்சவில்லை.

பிழை எங்கே நடந்தது

கமெராவைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். நானா முதலில் கேட்டது: "எந்த வயரால குத்தினீங்க சேர்?"

காட்டினோம். சிரித்தார். "இதால கார்ட்டில கிடக்கிற போட்டோதான் வரும். கசற்ற படம் வாறதுக்கு மற்றப் பக்க மூடிக்குள்ள ஒரு சின்னத் துளை இருக்கு. ஹெட் துடைச்சீங்களா?"

ஹெட் என்றால் என்னவென்று நாங்கள் கேட்டோம். கமெராவுக்குள் வேகமாகச் சுழல்கிற ஓர் உருளை இருக்கிறது. அதில் உள்ள மிக நுண்ணிய காந்த முனைகள் நாடாவைச் சாய்வாக உரசி வாசிக்கின்றன. அதில் தூசி பட்டால் வாசிக்க முடியாது, நீலத் திரைதான் வரும். கமெரா வருடக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்தது. துடைப்பதற்கென்றே ஒரு கசற் இருக்கிறது. அதைப் போட்டுப் பத்துச் செக்கன் ஓட்டி நிறுத்தினார். பிறகு தன்னிடம் இருந்த கல்யாணக் கசற் ஒன்றைப் போட்டார். துளைக்குள் படம் தெரிந்தது.

ஆக எங்கள் பிழை இரண்டு. துடைக்காத ஹெட், தவறான வயர். அந்தக் கமெராவில் யூஎஸ்பி இருந்தது உண்மை. அது மெமரி கார்ட்டில் எடுத்த போட்டோவுக்காக வைத்தது. கணினி கமெராவைக் கண்டுகொண்டதால் எல்லாம் சரி என்று நம்பிவிட்டோம்.

நானா ஒரு பழைய 1394 கார்ட்டும், ஒரு பக்கம் நாலு ஊசியும் மறுபக்கம் ஆறு ஊசியும் உள்ள வயரும் தந்தார். காசு வாங்கவில்லை. கழித்து வைத்த பழைய எக்ஸ்பி கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, கார்ட்டைப் பொருத்தினோம். புதிய மடிக்கணினிகளை விட அந்தக் கிழவன் கணினிதான் எங்களுக்கு உதவியது. கமெராவைக் குத்தியதும் "டிஜிற்றல் வீடியோ சாதனம்" என்று திரையில் எழுத்து வந்தது. அந்த நேரத்துச் சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு அம்மாவின் வீட்டுக்குப் போனோம். "அம்மா, நாங்கள் சொன்னது பிழை. இன்னொருக்கால் பார்க்கத் தருவீங்களோ?" என்று கேட்டோம். உள்ளே போய்ப் பையோடு வந்தார். கசற்றை எடுத்துத் தரவில்லை. பையோடு தானும் வந்தார்.

பத்து மணி நாற்பது

கசற் ஓடியது. முதலில் லண்டன் அண்ணையின் தாயாருடைய அந்தியேட்டி வீடு. பிறகு ஒரு கிணற்றடி. பிறகு மைதானம், இல்லக் கொடிகள், சுண்ணாம்புக் கோடுகள். 2003 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இல்ல விளையாட்டுப் போட்டி. மினிடீவி கசற்றில் ஒவ்வொரு படத்தோடும் எடுத்த திகதியும் நேரமும் மறைவாகப் பதிவாகும். கமெராவில் ஒரு பொத்தானை அமத்தினால் தெரியும்.

400 மீற்றர் ஓட்டம் தொடங்கும் இடத்தில் நேரம் காலை 10:40 என்று காட்டியது. ஆனால் பிள்ளைகளின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. பின்னேர வெயில். அம்மாவும் "அது பின்னேரம்தானே நடந்தது" என்றார். குழம்பிப் போனோம்.

பிறகுதான் விளங்கியது. கமெராவின் மணிக்கூடு லண்டன் நேரத்தில் இருந்திருக்கிறது. பெப்ரவரியில் லண்டனுக்கும் எங்களுக்கும் ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம். அப்படியானால் மாலை 4:10.

வளர்ந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: பழைய நேரமா, புதிய நேரமா? 1996 இல் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியது. அதே ஆண்டில் கொஞ்சம் பின்னே எடுத்து ஆறு மணித்தியால வித்தியாசத்தில் வைத்தது. 2006 ஏப்ரலில்தான் நாடு பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. இடையில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி புதிய நேரத்தை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தது. ஆகவே அந்த ஓட்டம் தொடங்கியபோது நெடுங்கேணியில் 4:10, அதே நொடியில் வவுனியா ரவுணில் 4:40. ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு நேரம். பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு சின்னக் கசற் அதை எங்களுக்கு ஞாபகப்படுத்தியது.

தம்பி மூன்றாவது தடத்தில் ஓடினான். தரம் 9. இரண்டாவதாக வந்தான். முடிவுக் கோட்டைத் தாண்டிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு கமெராவைப் பார்த்து ஏதோ சொன்னான். சத்தத்தில் விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. என்னவென்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஓடுகிற இடத்தில் ஒரு போட்டோ வேண்டும் என்றார். நிறுத்தி எடுத்தோம். ஆனால் அவனுடைய கையும் காலும் சீப்புப் பல்லைப்போலக் கோடு கோடாகப் பிரிந்திருந்தன. எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பாலில் ஒரு செக்கனுக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு அரைப் படமாக, ஒற்றைக் கோடுகள் ஒருமுறையும் இரட்டைக் கோடுகள் ஒருமுறையுமாகப் பதிவாகும். நிற்கிறவர் ஒழுங்காக வருவார். ஓடுகிறவர் அந்த 50இல் ஒரு செக்கனுக்குள் நகர்ந்துவிடுவார், அதனால் இரண்டாகத் தெரிவார். மென்பொருளால் அதைச் சரிசெய்யலாம். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, சரியாக்கித் தாறம்" என்றோம்.

"வேண்டாம் சேர்" என்றார். "அவன் ஓடினவன்தானே. அப்பிடித்தான் இருக்கும்."

கோடு கோடாக இருந்த அந்தப் படத்தைத்தான் அச்சடித்துக் கொடுத்தோம். அவர் அனுமதி தந்த பிறகே இதை எழுதுகிறோம். படத்தை இங்கே போடமாட்டோம்.

நேரம் குறைவு

அந்த வயர் இப்போது எங்கே? அப்பிள் ஒவ்வொரு துளைக்கும் ஒரு டொலர் உரிமைக் கட்டணம் கேட்டது, மற்ற நிறுவனங்கள் பின்வாங்கின. பிறகு கட்டணத்தைக் குறைத்தும் பயனில்லை. 2000 இல் யூஎஸ்பி 2.0 வந்து 480 மெகாபிற் வேகம் தந்தது. 2006 முதல் கார்ட்டிலும் ஹாட் டிஸ்க்கிலும் உயர்தரப் படம் எடுக்கிற ஏவீசீஎச்டீ கமெராக்கள் வந்தன, கசற்றே தேவைப்படவில்லை. பிறகு கைபேசி வந்தது, கமெராவே தேவைப்படவில்லை.

உலகில் வீஎச்எஸ் டெக் செய்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 இல் உற்பத்தியை நிறுத்தியது. சோனி மினிடீவி கசற் செய்வதை 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. அதே ஆண்டு வந்த மக் இயங்குதளத்தில் ஃபயர்வயருக்கு இடமில்லை. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019 இலேயே காந்த நாடாக்களைப் பற்றி எச்சரித்தன. நாடா நல்லாயிருந்தாலும் போட்டுப் பார்க்கும் இயந்திரம் இல்லாமல் போகும் என்பதுதான் அந்த எச்சரிக்கை. எங்கள் வெயிலுக்கும் ஈரத்துக்கும் நாடாவும் நல்லாயிருக்காது. மண்ணுக்குள் புதைத்து வைத்து எடுத்த ஒரு வீஎச்எஸ் கசற்றையும் பார்த்தோம். நாடா முழுவதும் வெள்ளைப் பூஞ்சணம்.

ஆகவே தயவுசெய்து:

1. வெள்ளைப் பொடி படிந்த கசற்றை எந்த டெக்கிலும் போடாதீர்கள். நாடாவும் போகும், டெக்கும் கெடும். வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். காற்றோட்டமான நிழலில் வையுங்கள்.

2. போடுவதற்கு முன் மேலே பதிவாகாதபடி தடுத்துவிடுங்கள். மினிடீவியில் பின்பக்கம் சின்னத் தள்ளி இருக்கும். வீஎச்எஸ்ஸில் ஓரத்துப் பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிட வேண்டும்.

3. நீலத் திரை வந்தால் கசற் வெறுமை என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஹெட்டைத் துடையுங்கள்.

4. மினிடீவி என்றால் டீவி அல்லது ஐலிங்க் துளையால்தான் எடுக்க வேண்டும். வீஎச்எஸ், ஹை 8 என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களோடு ஒரு யூஎஸ்பி பதிவுக் கருவி வேண்டும். மஞ்சள் படம், மற்ற இரண்டும் ஒலி.

5. கனடாவிலிருந்து வந்த கசற் என்றால் சொல்லுங்கள். அங்கே என்ரிஎஸ்சி முறை, எங்கள் பால் கமெராவில் ஒழுங்காக ஓடாது.

6. கணினிக்கு ஏற்றிய மூலக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழிக்காதீர்கள். வட்ஸ்அப் படத்தை நசித்துவிடும். 13 ஜிகாபைற் கோப்பை அப்படியே இரண்டு ஹாட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். பழைய முறையில் ஃபோமற் செய்த டிஸ்க் 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. அதில் நாங்களும் ஒரு பின்னேரம் முழுக்கத் தடுமாறினோம்.

7. ஏற்றி முடிந்ததும் கசற்றை எறியாதீர்கள்.

ஊருக்குப் பொதுவான நிகழ்வுகள், பாடசாலை விழா, கோயில் திருவிழா, பள்ளிவாசல் நிகழ்ச்சி போன்றவை இருந்தால், சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு நூலக நிறுவனம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம். 2005 முதல் அவர்கள் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்மியப்படுத்திக் காத்து வருகிறார்கள். வீட்டுப் படம் வீட்டாருக்கே. நாங்கள் ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ள மாட்டோம்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் அந்தப் பழைய கணினியோடு இருப்போம். ஒரு கசற்றுக்கு ஒரு மணித்தியாலம், ஒரு நாளில் மூன்று நாலுதான் செய்யலாம். காசு வேண்டாம், ஹாட் டிஸ்க் மட்டும் கொண்டு வாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, உங்கள் வீட்டுப் பரண்களிலும் 2002, 2003, 2004 என்று எழுதிய கசற்றுகள் கிடக்கும். அவற்றில் உங்கள் குடும்பம் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஓடிக்கொண்டிருப்பான். அவனுடைய தாய் இங்கே இருக்கிறார். தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

கமெரா வைத்திருப்பவர்கள், பாவிக்காத ஃபயர்வயர் வயர் வைத்திருப்பவர்கள் இருந்தால் அறியத் தாருங்கள். இந்தப் பதிவை வயதானவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கசற் இருப்பது அவர்களிடம்தான்.